மூன்று வயதுக்கு அதிர்ஷ்டப் பெட்டி! 18 வயதுக்குச் சீட்டுக் கட்டு!

சின்ன வயதில் எங்கள் தெரு முனையில் ஒரு பெட்டிக் கடை இருந்தது. அந்தக் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும். அதற்குப் "பிரைஸ் அட்டை" என்று பெயர்.

அட்டையின் மேல் பக்கத்தில் பரிசுகள் கட்டியிருக்கும். பிளாஸ்டிக் கைக்கடிகாரம், ரப்பர் பந்து, ராட்சத பலூன். கீழ்ப் பக்கத்தில் சின்னச் சின்னக் காகிதங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். 25 காசு கொடுத்தால் ஒரு காகிதத்தைக் கிழிக்கலாம். உள்ளே என்ன எண் இருக்கிறதோ, அந்த எண்ணுக்கு உரிய பரிசு நமக்கு!

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு!" என்று கையை நீட்டுவோம். கண் கைக்கடிகாரத்தின் மேல் இருக்கும். கைக்கு வருவதோ ஒரு புளிப்பு மிட்டாய்!

"இன்னும் ஒண்ணு, அண்ணாச்சி!"

மறுபடியும் மிட்டாய்!

ஒரு நாள் தயிர் வாங்கக் கொடுத்த 2 ரூபாயையும் நான் கிழித்தே தீர்த்துவிட்டேன். எட்டு மிட்டாயோடு வீட்டுக்குப் போனேன். பாட்டி அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"சாமானைப் பார்த்துக் காசு கொடுத்தா அது வியாபாரம். கண்ணை மூடிக்கிட்டுக் காசு கொடுத்தா அது சூது. ரெண்டும் வேறே வேறே, ராசா!" என்றாள்.

பாட்டி சொன்ன அந்த வித்தியாசத்தைத்தான் இன்று உலகத்தின் பெரிய பெரிய சர்க்கார்கள் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருக்கின்றன!

செல்போனுக்குள் பிரைஸ் அட்டை

இன்றைய பிள்ளைகள் பெட்டிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பிரைஸ் அட்டை செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. வீடியோ விளையாட்டுகளில் அதற்கு "லூட் பாக்ஸ்" என்று பெயர். நாம் அதை அதிர்ஷ்டப் பெட்டி என்று சொல்லலாம்.

அது எப்படி வேலை செய்கிறது?

பையன் ஒரு விளையாட்டை விளையாடுகிறான். விளையாட்டு இலவசமாகக் கூட இருக்கலாம். திரையில் ஒரு பெட்டி மின்னுகிறது. அதைத் திறந்தால் ஒரு புதிய வீரன் கிடைக்கலாம். ஓர் அபூர்வமான வாள் கிடைக்கலாம். ஓர் அழகான உடை கிடைக்கலாம். என்ன கிடைக்கும் என்பது திறக்கும் வரையில் தெரியாது. திறக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

பல விளையாட்டுகளில் ரூபாயை நேராகக் கொடுத்துப் பெட்டியைத் திறக்க முடியாது. முதலில் ரூபாய் கொடுத்து விளையாட்டுக்குள் செல்லும் "ரத்தினம்" வாங்க வேண்டும். அந்த ரத்தினத்தைக் கொடுத்துத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு எத்தனை ரூபாய் ஆயிற்று? பெரியவர்களுக்கே கணக்குத் தெரியாது. பத்து வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்?

பெட்டி திறக்கும்போது வெளிச்சம் பாயும். சங்கீதம் கேட்கும். பையனின் நெஞ்சு படபடக்கும். வந்தது குப்பையாக இருந்தால், "அடுத்த தடவை நிச்சயம்!" என்று தோன்றும்.

பிரைஸ் அட்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று உண்டு. என் கையில் இருந்தது 2 ரூபாய். அது தீர்ந்ததும் நான் வீட்டுக்குப் போய்விட்டேன். செல்போனில் இருப்பது அப்பாவின் பாங்குக் கணக்கு!

தலைகீழ் எண்கள்

வீடியோ விளையாட்டுகளுக்கு வயது எண் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. "இந்த விளையாட்டு 3 வயதுக்கு மேல்," "இது 12 வயதுக்கு மேல்," "இது 18 வயதுக்கு மேல்" என்று மேல் அட்டையில் அச்சிடுகிறார்கள். நம் ஊர் சினிமாவுக்கு "யு", "ஏ" என்று சர்டிபிகேட் கொடுப்பது போல.

ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் இந்த எண்ணைப் போடும் சபைக்குப் "பெகி" என்று பெயர். 2024-ல் அந்தச் சபையின் எண்கள் செய்த வேடிக்கையைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் "பலாட்ரோ" என்று ஒரு விளையாட்டு வந்தது. தனி ஆள் ஒருவர் உருவாக்கிய சீட்டு விளையாட்டு அது. போக்கர் என்ற மேல்நாட்டுச் சீட்டாட்டத்தில் உள்ளது போல் சீட்டுகளைச் சேர்த்துப் புள்ளி எடுக்க வேண்டும். பந்தயம் கிடையாது. யாரும் பணம் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. ஒரு தடவை விலை கொடுத்து வாங்கினால் போதும். அதற்கு மேல் ஒரு காசு கூடக் கேட்காது. அதிர்ஷ்டப் பெட்டி விற்பனையும் கிடையாது.

அதற்குப் பெகி கொடுத்த எண் 18!

அதே 2024 செப்டம்பரில் "இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. 25" என்ற கால்பந்து விளையாட்டு வந்தது. முன்பு "ஃபிஃபா" என்ற பெயரில் வந்துகொண்டிருந்த அதே வரிசைதான். அதில் "அல்டிமேட் டீம்" என்று ஒரு பகுதி உண்டு. அதில் வீரர்களின் படங்கள் அடங்கிய பொட்டலங்கள் இருக்கின்றன. விளையாடிச் சேர்த்த காசிலும் வாங்கலாம். சொந்தப் பணத்திலும் வாங்கலாம். பொட்டலத்துக்குள் மெஸ்ஸி போன்ற பெரிய வீரர் இருப்பாரா, பெயர் தெரியாத வீரர் இருப்பாரா என்பது பிரித்த பிறகுதான் தெரியும்.

அதற்குப் பெகி கொடுத்த எண் 3!

நீங்களே சொல்லுங்கள்! பணம் கேட்காத சீட்டுக் கட்டுக்கு 18. பணம் வாங்கிக்கொண்டு கண்ணைக் கட்டி விடும் பொட்டலத்துக்கு 3. இது நியாயமா?

பலாட்ரோவை உருவாக்கியவர் 2024 டிசம்பரில் இதைப் பகிரங்கமாகக் கேலி செய்தார். மேல் முறையீடும் நடந்தது. 2025 பிப்ரவரியில் அந்தச் சீட்டு விளையாட்டின் எண்ணை 18-லிருந்து 12-ஆகக் குறைத்தார்கள். சீட்டு விளையாட்டுக்கு நியாயம் கிடைத்தது. சந்தோஷம்! ஆனால் 3 என்று எண் போட்ட பொட்டலம் அந்தத் தீர்ப்பால் மாறவில்லை.

எண் பிறந்த கதை

இப்படித் தலைகீழாகப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள 1993-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்க செனட் சபையில் ஒரு விசாரணை நடந்தது. "மார்ட்டல் காம்பாட்", "நைட் ட்ராப்" என்ற இரண்டு விளையாட்டுகளின் மேல் பெரிய புகார். முதல் விளையாட்டில் சண்டை போடுகிறவன் எதிரியின் தலையைக் கொய்வான், ரத்தம் தெறிக்கும். "குழந்தைகள் இதையா பார்ப்பது?" என்று தாய் தந்தையர் கொதித்தார்கள்.

"நீங்களே ஒழுங்கு செய்துகொள்கிறீர்களா, நாங்கள் சட்டம் போடட்டுமா?" என்ற நிலைமை வந்தது. விளையாட்டுக் கம்பெனிகள் பயந்தன. 1994-ல் தாங்களே ஒரு சபையை அமைத்து வயது எழுத்துப் போடத் தொடங்கின. 2003-ல் ஐரோப்பாவில் பெகி வந்தது.

அப்போது விளையாட்டு என்றால் கடையில் பெட்டியாக விற்கும் சரக்கு. ஒரு தடவை விலை கொடுத்தால் தீர்ந்தது. ஆகவே எண் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தார்கள். திரையில் என்ன தெரிகிறது? ரத்தம் தெரிகிறதா? ஆபாசம் தெரிகிறதா? கெட்ட வார்த்தை கேட்கிறதா? சீட்டுக் கட்டு தெரிகிறதா?

அவர்கள் சூதாட்டத்தின் படத்தைப் பார்த்தார்கள். சூதாட்டத்தின் வேலையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கண்ணில் என்ன விழுகிறது என்று பார்த்தார்கள். அப்பாவின் பையில் யார் கை விடுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அதனால்தான் சீட்டுக் கட்டுக்கு 18. பொட்டலத்துக்கு 3.

வக்கீல் கேள்வி வேறு. தாயார் கேள்வி வேறு

2017 நவம்பரில் "ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2" என்ற விளையாட்டு வந்தபோது, அதிர்ஷ்டப் பெட்டிகளை எதிர்த்து விளையாடுகிறவர்களே கிளம்பிவிட்டார்கள். கூச்சல் பொறுக்காமல், வெளியீட்டுக்குச் சற்று முன்பு கம்பெனி பணம் கட்டி வாங்கும் வசதியை நிறுத்தி வைத்தது.

அதற்கு முந்தின மாதம்தான் அமெரிக்கச் சபை ஒரு விளக்கம் சொல்லியிருந்தது. "இது சூதாட்டம் அல்ல. பணம் கட்டியவனுக்கு ஏதாவது ஒரு பொருள் கட்டாயம் கிடைக்கிறது அல்லவா?" என்பது அந்த விளக்கம்.

இதைக் கேட்டால் எங்கள் அண்ணாச்சி சிரிப்பார்! அவரும் ஏதாவது கொடுக்காமல் இருந்ததில்லை. புளிப்பு மிட்டாய் கொடுத்தார்!

2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கமிஷன், சில விளையாட்டுகளில் உள்ள அதிர்ஷ்டப் பெட்டிகள் தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் கால்பந்துக் கம்பெனி அந்த நாட்டில் பொட்டலத்துக்குப் பணம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது.

பக்கத்திலேயே இருக்கிறது ஹாலந்து. அங்கே அதே கம்பெனிக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் மேல் கோர்ட்டு அபராதத்தை ரத்து செய்தது. "பொட்டலம் தனி ஆட்டம் அல்ல, அது பெரிய கால்பந்து விளையாட்டின் ஒரு பகுதி. ஆகையால் இதைத் தனிச் சூதாட்டமாகக் கருத முடியாது" என்பது தீர்ப்பின் சாரம்.

ஒரே பொட்டலம். ஒரு நாட்டில் சூதாட்டம். பக்கத்து நாட்டில் சூதாட்டம் அல்ல!

இதைப் பார்த்துச் சிலர், "பெரிய பெரிய கோர்ட்டுகளுக்கே முடிவு தெரியவில்லை. நாம் என்ன செய்வது?" என்று கையை விரிக்கிறார்கள்.

என் அபிப்பிராயம் வேறு. "இது சட்டப்படி சூதாட்டமா?" என்பது வக்கீலின் கேள்வி. அதற்கு ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு பதில் சொல்லும். "இதை என் பிள்ளையிடம் கொடுக்கலாமா?" என்பது தாயாரின் கேள்வி. வயது எண் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான்.

ரத்தம் தெறிக்கும் விளையாட்டு சட்டப்படி குற்றமா? இல்லை. ஆனாலும் அதற்கு 18 என்று போடுகிறோம். குற்றம் என்பதால் அல்ல. குழந்தைக்கு ஆகாது என்பதால்! அதே நியாயம் அதிர்ஷ்டப் பெட்டிக்கும் பொருந்தாதா?

ஒரு சின்னக் கணக்கு

"பெட்டியில் அபூர்வப் பொருள் கிடைக்கும் வாய்ப்பு 100-ல் 1 என்று கம்பெனியே எழுதிக் காட்டுகிறதே! பிறகு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வாய்ப்பை வெளியே சொல்ல வேண்டும் என்று சீனா 2017-லேயே கட்டளை போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கணக்குப் பிள்ளைக்குப் புரியுமா?

100-ல் 1 என்றால், 100 பெட்டி திறந்தால் ஒன்று நிச்சயம் என்றுதான் பையன் நினைப்பான். பெரியவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். அது தப்பு!

100 பையன்கள் ஆளுக்கு 100 பெட்டி திறப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 37 பேருக்கு அந்தப் பொருள் ஒரு தடவை கூடக் கிடைக்காது! ஒரு பெட்டி 50 ரூபாய் என்றால், ஒவ்வொருவனும் 5,000 ரூபாய் கட்டியிருப்பான். அந்த 37 பேரும் வெறுங்கையோடு நிற்பார்கள். அடுத்த பெட்டியிலும் வாய்ப்பு அதே 100-ல் 1 தான். முன்னே கட்டிய பணத்துக்காகப் பெட்டி இரக்கப்படாது.

2018-ல் இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 7,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுக்காரர்களிடம் விவரம் கேட்டார்கள். அதிர்ஷ்டப் பெட்டிக்கு அதிகம் செலவு செய்கிறவர்களிடம் சூதாட்டத் தொல்லையும் அதிகமாகக் காணப்பட்டது. பெட்டியால் சூது வந்ததா, சூதுப் பழக்கம் உள்ளவர்கள் பெட்டியை நாடினார்களா என்பதை அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. எது முந்தினாலும் சரி, குழந்தையைக் கொண்டு போய் நிறுத்த வேண்டிய இடம் அதுவல்ல!

ஆஸ்திரேலியா எடுத்த அடி

ஜெர்மனி 2023-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. வயது எண் போடும்போது அதிர்ஷ்டப் பெட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று அங்குள்ள சபை முடிவு செய்தது. அந்த ஆண்டு வந்த கால்பந்து விளையாட்டுக்கு மற்ற ஐரோப்பிய நாடுகளில் எண் 3. ஜெர்மனியில் எண் 12!

அதைவிடப் பெரிய அடி எடுத்து வைத்தது ஆஸ்திரேலிய அரசாங்கம். 2024 செப்டம்பர் 22 முதல் அங்கே இரண்டு விதிகள் அமலுக்கு வந்தன.

ஒன்று: சூதாட்ட விடுதியைப் போலவே நடித்துக் காட்டும் விளையாட்டுகளுக்கு "ஆர் 18" என்ற முத்திரை.

இரண்டு: பணம் கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கும் விளையாட்டுகளுக்குக் குறைந்த பட்சம் "எம்" என்ற முத்திரை. அதாவது, 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

பணப்பையில் விழும் கையையும் பார்த்து எண் போடும்படி ஒரு தேசமே விதி செய்துவிட்டது. நான் அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பாராட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. காரணம், அந்த விதி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

நம் சினிமா சர்டிபிகேட்டை நினைத்துப் பாருங்கள். "யு.ஏ." என்பது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை. "ஏ" என்பது தியேட்டர்காரருக்குப் போடும் கட்டளை. 18 வயது ஆகாதவனை "ஏ" படத்துக்கு உள்ளே விடக் கூடாது.

ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரிதான். "ஆர் 18" என்பது கட்டளை. "எம்" என்பது வெறும் யோசனை! "எம்" முத்திரை உள்ள விளையாட்டைப் பத்து வயதுப் பையனுக்கு விற்றாலும் சட்டம் தடுக்காது. இரண்டுக்கும் நடுவில் "எம்.ஏ. 15" என்று இன்னொரு முத்திரை உண்டு. அது சட்டப்படி கட்டுப்படுத்தும். அதிர்ஷ்டப் பெட்டிக்கு அதையாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை!

இன்னும் ஒரு விசித்திரம். பொய்க் காசு வைத்து ஆடும் பொம்மைச் சூதாட்டத்துக்குக் கட்டளை. நிஜப் பணம் வாங்கும் பெட்டிக்கு யோசனை! பலாட்ரோ கதை இங்கேயும் எட்டிப் பார்க்கிறது அல்லவா?

மூன்றாவது குறை: அந்தத் தேதிக்கு முன்பே முத்திரை வாங்கிய விளையாட்டுகளை விதி தொடவில்லை. அவற்றை மறுபடி பரிசீலனைக்குக் கொண்டுவந்தால்தான் புதிய முத்திரை. பிள்ளைகள் பல ஆண்டுகளாக விளையாடி வரும் பழைய விளையாட்டுகள் பழைய எண்ணோடு தப்பித்துக்கொள்ளலாம்!

"பெற்றோர் எதற்கு இருக்கிறார்கள்?"

எதிர்த் தரப்பில் ஒரு பலமான வாதம் உண்டு. "பிள்ளையைக் கவனிப்பது பெற்றோரின் வேலை. செல்போனைக் கொடுத்தது யார்? பாஸ்வேர்டைச் சொன்னது யார்? எல்லாவற்றையும் சர்க்காரே செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் கவனிப்பதற்குக் கண் வேண்டும். அந்தக் கண்தான் வயது எண்! நாள் முழுவதும் வேலைக்குப் போய் வரும் தாயார் ஒவ்வொரு விளையாட்டையும் பத்து மணி நேரம் விளையாடிப் பார்த்தா பிள்ளையிடம் கொடுக்க முடியும்? மேலே 3 என்று போட்டிருந்தால், "பால் பாட்டிலைப் போல் பத்திரம்" என்றுதான் நினைப்பாள். தப்பான எண்ணைப் போட்டுவிட்டு, "ஏன் கவனிக்கவில்லை?" என்று அவளைக் கேட்பது தர்மமா?

மருந்துப் புட்டியில் தப்பாக அச்சிட்டவனை விட்டுவிட்டு, படித்துக் கொடுத்தவளைக் குற்றம் சொல்வோமா?

2020 ஏப்ரலிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் "உள்ளே இன்னதென்று தெரியாத பொருள்கள் விற்பனைக்கு உண்டு" என்று ஒரு வரி சேர்த்து அச்சிட்டார்கள். வரி சின்னது. எண் பெரியது! கடையில் நிற்கும் தாயாரின் கண்ணில் படுவது எது?

கம்பெனிகளால் முடியாதா? முடியும்! 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷனுக்கும் "கென்ஷின் இம்பாக்ட்" விளையாட்டுக் கம்பெனிக்கும் ஒரு சமரசம் ஏற்பட்டது. கம்பெனி 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. விளையாட்டு நிற்கவில்லை. உலகம் கவிழவில்லை.

அதே 2025-ல் பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சிறுவர் சிறுமியருக்கான விளையாட்டுகளில் அதிர்ஷ்டப் பெட்டியே கூடாது என்று சட்டம் செய்தது.

என்ன செய்யலாம்?

நான் விளையாட்டுக்கு விரோதி அல்ல. நானும் விளையாடுகிறவன்தான். பிள்ளைகள் விளையாடட்டும். பந்தை உதைக்கட்டும், கோட்டையைப் பிடிக்கட்டும். விலையைப் பார்த்து ஒரு பொருளை வாங்கினாலும் பாதகம் இல்லை. பாட்டி சொன்ன மாதிரி, அது வியாபாரம்.

கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டும் பெட்டி வேறு. அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும்.

முதலாவது, வயது எண் அந்தப் பெட்டியைக் கணக்கில் எடுக்க வேண்டும். பணம் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி இருந்தால் 3 என்றும் 7 என்றும் போடக் கூடாது.

இரண்டாவது, எண் யோசனையாக நின்றுவிடக் கூடாது. வயது ஆகாத பிள்ளையின் கணக்கில் அந்தப் பெட்டிக்குப் பூட்டு விழ வேண்டும். சாவி தாய் தந்தையர் கையில் இருக்க வேண்டும். பந்து ஆட்டம் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். பொட்டலக் கடை மட்டும் மூடியிருக்கட்டும்!

மூன்றாவது, பழைய விளையாட்டுக்கும் இதே விதி. நேற்றுப் பிறந்த பெட்டியும் பெட்டிதான்; பத்து வருஷத்துக்கு முன் பிறந்த பெட்டியும் பெட்டிதான்.

நம் நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. சூதின் கேடு நமக்குப் புதிதல்ல. தர்மர் நாடு இழந்த கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். வள்ளுவர் "சூது" என்று ஓர் அதிகாரமே பாடி வைத்தார். லாட்டரிச் சீட்டால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துத் தமிழக அரசு 2003 ஜனவரியில் அதன் விற்பனையைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தின் குறி பண விளையாட்டு. பணம் கட்டி, பதிலுக்கு வாளும் உடையும் கொடுக்கும் பெட்டியைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைப்பது வேறு வேலை. அதற்குச் சரியான எண் வேண்டும். சினிமாவுக்கு 2024-ல் "யு.ஏ." முத்திரையை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்து ஒழுங்கு செய்யத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

அதுவரையில் தாய்மார்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை ஒரு விளையாட்டைச் செல்போனில் இறக்கித் தரச் சொன்னால், எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். விளையாட்டின் பெயருக்குக் கீழே "இன்-ஆப் பர்ச்சேஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால், உள்ளே ஏதோ கடை இருக்கிறது என்று அர்த்தம். எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்கும்படி செல்போனில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் படித்த பிள்ளை யாரிடமாவது கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை!

பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடிக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கண்ணு, காசு கொடுக்கறதுக்கு முன்னாலே உள்ளே என்ன இருக்குன்னு அவன் காட்டறானா?"

பிள்ளை யோசிக்கும். அன்று எட்டு மிட்டாயோடு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதைத்தான் யோசித்தேன். மறு நாள் பிரைஸ் அட்டையைத் தாண்டிப் போய்த் தயிர் வாங்கி வந்தேன்.